முதல் நாளே முன்பணம் கேட்கிறார்கள், தலையைப் பார்க்க டாக்டர் வருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வாரம் தவறாமல் முடி நடும் சிகிச்சை விளம்பரம் வருகிறது. அரைப் பக்கம், சில வாரம் முழுப் பக்கம். ‘ஆலோசனை இலவசம்’ என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அந்த இலவச ஆலோசனையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாக இருந்தாலும் வெட்டாமல் போடுங்கள்.

நான் தண்டையார்பேட்டையில் சலூன் வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. தினமும் தலைகளைப் பார்த்துத்தான் பிழைப்பு. ஒரு பையனுக்கு நெற்றியின் ரெண்டு பக்கமும் ஏற ஆரம்பிக்கிறது என்றால் அவன் வீட்டுக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். கண்ணாடியில் என்னைப் பார்த்து “அண்ணா, கொட்டுதா?” என்று அவன் கேட்கிற கேள்விக்கு உண்மையான பதில் சொல்வதும் என் தொழிலில் சேர்த்திதான். காசிமேட்டில் படகு வேலை செய்கிறவர், எம்.சி. ரோட்டில் துணிக்கடையில் நிற்கிற பையன், எண்ணூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவர் என்று எல்லாரும் கேட்கிறார்கள். உப்புத் தண்ணியால் கொட்டுதா, ஹெல்மெட்டால் கொட்டுதா, ஜெல் போட்டதாலா என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். இப்போது கொஞ்ச நாளாக எல்லாரும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: “நட்டுக்கலாமா அண்ணா?”

என் மனைவியின் தம்பியும் அதையேதான் கேட்டான். வயது 24. மணலிப் பக்கம் கண்டெய்னர் யார்டில் வேலை. வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள், போட்டோ போன ஒரு இடத்தில் ‘பையனுக்கு முடி கம்மியா இருக்கே’ என்று சொல்லிவிட்டார்கள், அன்றிலிருந்து அவன் தொப்பியைக் கழற்றுவதில்லை. இதையெல்லாம் சிரித்துத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள், முடிதானே போகட்டும் என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு, உச்சியைக் கண்ணாடியில் காட்டாதீங்க என்று கேட்கிற ஆட்களைப் பார்த்தவன் நான். அவர்களுடைய வேதனை நிஜம். அந்த வேதனையை வைத்து அவசரப்படுத்திப் பணம் பார்ப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். கிளினிக்கின் பெயர் வேண்டாம், அண்ணா நகர் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏசி அறை, காபி, சுவர் முழுக்க முன்னே-பின்னே படங்கள். ஒரு ஃபார்ம் கொடுத்தார்கள். அதில் மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டிருந்தது, சர்க்கரை, ரத்த அழுத்தம், மருந்து அலர்ஜி எதுவும் கேட்கவில்லை. அப்புறம் ‘கவுன்சிலர்’ என்று ஒரு பெண் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அவருக்குக் கொடுத்த வேலை அது. பேனா மாதிரி ஒரு கேமராவைத் தலையில் வைத்து டிவியில் பெரிதாகக் காட்டினார். அப்படிப் பெரிதாக்கிக் காட்டினால் யார் தலையும் பயமாகத்தான் இருக்கும், என் தலையில் வைத்திருந்தாலும் நானே பயந்திருப்பேன். ‘கிரேடு 4 சார், இப்பவே பண்ணலைன்னா போயிடும்’ என்றார். (வழுக்கையை ஏழு நிலையாகப் பிரிப்பார்கள், அதில் நாலாவது என்று அர்த்தம்.) மார்க்கரை எடுத்து நெற்றியில் ஒரு கோடு போட்டார். பள்ளிக்கூடப் பையனுக்கு இருக்கிற மாதிரி கீழே இறங்கிய, நேரான கோடு. பையன் கண்ணாடியைப் பார்த்ததும் முகமே மாறிவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

3200 கிராஃப்ட், அதாவது பின்னாலிருந்து எடுத்து நடுகிற வேர்க்கொத்து, ஒரு கிராஃப்டுக்கு 45 ரூபாய், ஜிஎஸ்டி தனி. கணக்குப் போட்டால் 1 லட்சத்து 70 ஆயிரத்துக்குப் பக்கம். சொந்த ரத்தத்திலிருந்து எடுத்துப் போடுகிற பிஆர்பி ஊசி நாலு முறை இலவசம். மாதத் தவணை உண்டு, வட்டி இல்லை, ஆதாரும் சம்பளச் சீட்டும் போதும். இன்றைக்கே பத்தாயிரம் கட்டினால் இந்த ரேட், நாளைக்கு வந்தால் தர முடியாது. டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். “டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காங்க சார், சர்ஜரி அன்னைக்குப் பார்த்துப் பேசுவாங்க” என்று பதில் வந்தது.

இதை நன்றாகக் கவனியுங்கள். பணம் கட்டி, தேதி குறித்து, தலையை மொட்டை அடித்த பிறகுதான் டாக்டர் முதல் முறையாக அந்தத் தலையைப் பார்ப்பார்.

இன்னொன்று இருக்கிறது, அதுதான் எனக்கு ரொம்ப உறுத்தியது. அவ்வளவு நேரத்தில் ஒருவர்கூட அவன் பின்மண்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை. எங்கிருந்து முடி எடுக்கப் போகிறார்களோ அந்த இடம் அது. காதுக்குக் காது, பின்பக்கமும் பக்கவாட்டும் இருக்கிற முடிக்கு வழுக்கை ஏற்படுத்துகிற ஹார்மோனின் பாதிப்பு அதிகம் இருக்காது. அங்கிருந்து எடுத்து முன்னால் நட்டாலும் அந்த முடி தன் குணத்தை விடாது. 1950-களில் நியூயார்க்கில் டாக்டர் நார்மன் ஓரன்ட்ரெய்ச் செய்து காட்டியது இதைத்தான், இந்தச் சிகிச்சை முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. ஆனால் எடுத்த இடத்தில் அது திரும்ப முளைக்காது. நல்ல அடர்த்தி இருக்கிறவர்களுக்கே ஆயுசு முழுக்க எடுக்கக்கூடியது ஆறாயிரம் சொச்சம் கிராஃப்ட் என்கிறார்கள், பலருக்கு அதைவிடக் குறைவு. 24 வயதில் ஒரே நாளில் 3200-ஐ எடுத்து நெற்றியைத் தாழ்வாக அடைத்துவிட்டால், 35-ல் உச்சி கொட்டும்போது எதை வைத்து அடைப்பது?

இது ஏட்டில் படித்துச் சொல்வது இல்லை, அப்படிப்பட்ட தலைகள் என் நாற்காலியில் வந்து உட்காருகின்றன. முன்னால் ஒரு வரிசை கெட்டியாக நிற்கும், அதற்குப் பின்னால் வெட்டவெளி. நட்ட முடி நிற்கிறது, பக்கத்திலிருந்த சொந்த முடி போய்விட்டது. நடுவதால் சொந்த முடி கொட்டுவது நிற்காது என்பதை அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இன்னும் சிலர் வந்து உட்கார்ந்ததுமே “மூணாம் நம்பர் கிளிப்புக்குக் கீழ போகாதீங்க” என்பார்கள், ஏனென்றால் பின்னால் காதிலிருந்து காது வரை ஒரு தழும்புக் கோடு ஓடும். தோலைப் பட்டையாக வெட்டி எடுத்துத் தைக்கிற பழைய முறை அது. இப்போது அதிகம் நடப்பது ஒவ்வொரு வேராகத் துளையிட்டு எடுக்கிற எஃப்யூஇ. அதில் கோடு வராது, ஆனால் ‘தழும்பே இருக்காது’ என்று சொல்வது பொய், ஜீரோ மெஷின் போட்டால் வெள்ளைப் புள்ளிகள் எனக்குத் தெரியும். அளவுக்கு மேல் எடுத்தவர்களுக்குப் பின்மண்டை பூச்சி அரித்த துணி மாதிரி ஆகிவிடுகிறது, அதை மறைக்க முடி வளர்க்கச் சொல்வதைத் தவிர நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

“இன்னா மாமா, கட்டிடலாமா?” என்று பையன் என் காதில் கேட்டான். அவன் அக்காவிடம் பேசிவிட்டு வருகிறோம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம் ஒரு வாரம் போன் மேல் போன். முதலில் கவுன்சிலர், பிறகு மேனேஜர் என்று ஒருவர், ரேட்டை 45-லிருந்து 38-க்குக் குறைத்தார், கடைசியில் 35. நாளைக்கு வந்தால் கிடைக்காது என்று சொன்ன விலை தானாகவே இறங்கிக்கொண்டு வந்தது. ஒருவர் தலையைப் பார்த்து முடிவாக வேண்டிய வைத்தியம் இது, இதன் விலை எப்படி இப்படிப் பேரத்தில் இறங்கும்?

பிறகு எங்கள் ஏரியாவிலேயே ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். சின்ன கிளினிக், கூட்டம், ரொம்ப நேரம் காத்திருந்தோம். அந்த அம்மா முதலில் தொப்பியைக் கழற்றச் சொன்னார், அப்புறம் பேசவே விடாமல் கேள்வி. எப்போதிலிருந்து கொட்டுகிறது, கொத்தாகவா மெதுவாகவா, கடைசி மூன்று நான்கு மாதத்தில் டெங்கு, டைபாய்டு மாதிரி காய்ச்சல் வந்ததா, திடீரென்று எடை குறைந்ததா, ஜிம் பவுடர் எதாவது சாப்பிடுகிறாயா, வேறு மாத்திரை உண்டா, அடிபட்டால் தழும்பு தடித்து வளருமா. அப்பா தலை எப்படி, தாய்மாமன் தலை எப்படி. (ரெண்டு தாய்மாமனுக்கும் உச்சி காலி.) காய்ச்சலுக்குப் பிறகு ரெண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டுகிற முடி பெரும்பாலும் தானாகவே திரும்பி வந்துவிடும், அதற்கு நடுவது வீண் என்றார். நாணயம் அளவுக்கு வட்டமாகக் கொட்டுகிற புழுவெட்டு வேறு வகை, அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குவதால் வருவது, அது பரவிக்கொண்டிருக்கும்போது நடவே கூடாது. ஒரு நாளைக்கு 50-லிருந்து 100 முடி வரை உதிர்வது எல்லாருக்கும் இயல்பு. உப்புத் தண்ணீர் முடியை வறட்சியாக்கும், முரடாக்கும், ஆனால் இந்த மாதிரி நெற்றி ஏறுவதற்கு அது காரணம் இல்லை என்றும் சொன்னார், இதை நம் வடசென்னைக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் தண்ணியைக் குறை சொல்லியே வருஷக்கணக்கில் டாக்டரிடம் போகாமல் இருந்துவிடுகிறார்கள்.

பிறகு லென்ஸ் வைத்து முன், உச்சி, பின் என்று முழுத் தலையையும் பார்த்தார். கொஞ்சம் முடியை விரலில் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். சுவரில் இருந்த ஏழு நிலைப் படத்தைக் காட்டி, நீ மூன்றாவது நிலையில் இருக்கிறாய், இது எங்கே போய் நிற்கும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். முடி கொட்டுவதைக் குறைக்கிற மருந்துகளான மினாக்சிடில் தடவுவது, ஃபினாஸ்டிரைடு மாத்திரை ரெண்டையும் பற்றி விவரமாகச் சொன்னார். மினாக்சிடில் தொடங்கிய முதல் சில வாரம் கூடுதலாகக் கொட்டலாம், பயந்து நிறுத்தக் கூடாது, பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் காப்பாற்றியதும் போய்விடும். மாத்திரையில் சிலருக்குத் தாம்பத்திய விருப்பம் குறைவது, மனச்சோர்வு போன்ற பிரச்சினைகள் வரலாம், வந்தால் மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும். கல்யாணம் பேசுகிற பையனிடம் இதை நேராகச் சொன்ன டாக்டரை எனக்குப் பிடித்துப்போனது. தெரிந்தவர் சாப்பிடுகிறார் என்று மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் இந்த மாத்திரையை வாங்குகிற பையன்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அப்படி வாங்காதீர்கள்.

நடுவதே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஒரு வருடம் மருந்தில் இரு, கொட்டுவது நின்று நிலையானால் அப்புறம் பேசலாம், அப்போதும் கோடு இவ்வளவு கீழே வேண்டாம், 50 வயதிலும் பொருந்துகிற மாதிரி இருக்க வேண்டும் என்றார். நட்டால் ரெண்டு முதல் நான்கு வாரத்தில் நட்ட முடி பெரும்பாலும் உதிர்ந்துவிடும், வேர் உள்ளேயே இருக்கும், மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் முளைக்கத் தொடங்கும், முழுதாகத் தெரிய ஒரு வருடம் ஆகும் என்பதையும் சொன்னார். தை மாதக் கல்யாணத்துக்கு ஐப்பசியில் போய் நடுகிறவர்களுக்கு இதை யார் சொல்கிறார்கள்? கிராஃப்ட் என்றால் ஒரு வேர்க்கொத்து, அதில் ஒன்றிலிருந்து நாலு முடி வரை இருக்கும், எனவே விளம்பரத்தில் ‘ஆறாயிரம் முடி’ என்று போட்டிருந்தால் அது ஆறாயிரம் கிராஃப்ட் ஆகாது, இதையும் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள் என்றார்.

முதல் ஆலோசனை என்றால் இதுதான். இதற்கு அந்த அம்மா வாங்கியது அவருடைய வழக்கமான ஃபீஸ் மட்டும். இலவசம் என்று போடுகிற இடத்தில் கிடைக்காதது இங்கே கிடைத்தது.

இது வெறும் பணப் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். மணிக்கணக்கில் நடக்கிற அறுவைச் சிகிச்சை இது, தலை முழுக்க மரத்துப்போகும் ஊசி போடுகிறார்கள், அந்த மருந்துக்கு உடல் எடைக்கு ஏற்ற உச்ச அளவு உண்டு, தாண்டினால் வலிப்பு வரலாம், இதயம் பாதிக்கலாம். 2016-ல் நம் சென்னையிலேயே ஒரு மருத்துவ மாணவர் முடி நடப் போய் உடல்நிலை மோசமாகி இறந்துபோனார். அந்த இடம் வாங்கி வைத்திருந்தது முடிதிருத்தும் நிலையத்துக்கான உரிமம்தான் என்று அப்போது பத்திரிகைகளில் வந்தது. அது எங்கள் தொழிலுக்குக் கொடுக்கிற உரிமம். கத்தரிக்கோலும் சீப்பும் வைத்துப் பிழைக்க நாங்கள் வாங்குகிற காகிதத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டு மயக்க ஊசி போட்டிருக்கிறார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் கிளினிக்குகள் சுகாதாரத் துறையிடம் பதிவு செய்திருக்க வேண்டும், அதற்கான விதிகள் 2018-ல் வந்தன. தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில், முடி நடும் சிகிச்சையை முறையான பயிற்சி பெற்ற, பதிவு செய்த மருத்துவர்கள்தான் செய்ய வேண்டும், பயிலரங்கில் உட்கார்ந்து பார்த்ததும் யூடியூப் பார்த்ததும் பயிற்சி ஆகாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் இதெல்லாம் அறுவைச் சிகிச்சை அறைக்கு உள்ளே நடப்பதைப் பற்றி. என் கவலை அதற்கு முந்தைய மேசையைப் பற்றி. அந்த மேசையில் உட்கார்ந்து ‘உனக்கு 3200 வேண்டும்’ என்று முடிவு செய்வதும் வைத்தியம்தான், அதை டாக்டர் அல்லாதவர் எப்படிச் செய்யலாம்?

அதனால் சுகாதாரத் துறையிடம் உங்கள் மூலமாக ஒன்று கேட்கிறேன். முதல் ஆலோசனை நாளில் முன்பணம் வாங்குவதையும் தவணைக் கடனில் கையெழுத்து வாங்குவதையும் தடை செய்யுங்கள். டாக்டர் தன் கையால் தலையைப் பார்த்து, என்ன வகை முடி உதிர்வு, பின்மண்டையில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு எடுக்கலாம், வேறு வழி என்ன என்பதைத் தன் பெயரும் பதிவு எண்ணும் போட்டு எழுதிக் கொடுக்கட்டும். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு ஒருவன் வேறு டாக்டரிடமும் போய்க் கேட்கலாம். அதன் பிறகு சில நாள் யோசிக்க அவனுக்கு நேரம் இருக்க வேண்டும். கடன் வாங்கிச் செய்கிற செலவு இது. அழகுக்காகச் செய்வதால் மெடிக்கல் இன்சூரன்ஸும் பொதுவாகக் கைகொடுக்காது, வைத்தியத்துக்கு உள்ள ஜிஎஸ்டி விலக்கும் இதற்குக் கிடையாது. 22 ஆயிரம் சம்பளத்தில் மாதம் ஆறாயிரம் தவணை போனால் வீட்டில் என்ன மிஞ்சும் என்று அந்த ஏசி அறையில் யோசிக்க முடியாது.

உங்களிடமும் ஒரு கோரிக்கை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த விளம்பரங்களை வாங்கும்போது, சிகிச்சை செய்யப்போகும் டாக்டரின் பெயர், மருத்துவக் கவுன்சில் பதிவு எண், கிளினிக்கின் பதிவு எண் மூன்றையும் போட்டால்தான் அச்சிடுவோம் என்று சொல்லுங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளலாம். விளம்பர வருமானம் முக்கியம் என்பது எனக்குப் புரிகிறது, நானும் கடை நடத்துகிறவன்தான். ஆனால் உங்கள் பேப்பரில் வந்திருக்கிறது என்பதாலேயே நம்பிப் போகிற வீடுகள் எங்கள் பகுதியில் நிறைய. என் மச்சான் அந்த கிளினிக்குக்குப் போனதே உங்கள் பேப்பரில் வந்த விளம்பரத்தைக் கத்தரித்து பர்ஸில் வைத்துக்கொண்டுதான்.

வடசென்னைப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. முடி கொட்டினால் முதலில் அண்ணா நகருக்கோ நுங்கம்பாக்கத்துக்கோ ஓட வேண்டியதில்லை. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, முடி உதிர்வும் தோல் டாக்டர் பார்க்கிற விஷயம்தான், அது வெட்கப்பட வேண்டிய காரியம் கிடையாது. காலையில் ஓ.பி. சீட்டு போட்டுக் காட்டலாம். அப்பா, பெரியப்பா, தாய்மாமன் போட்டோ போனில் இருந்தால் எடுத்துப் போங்கள், நாலைந்து வருடத்துக்கு முந்தைய உங்கள் போட்டோவும் இருக்கட்டும், டாக்டருக்கு அது உதவும். சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் சொல்லுங்கள். தனியார் கிளினிக்குக்கே போவதாக இருந்தாலும், யார் துளை போடுவார், யார் நடுவார், டாக்டர் எவ்வளவு நேரம் அறையில் இருப்பார், அவசரம் என்றால் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். பின்மண்டையைப் பார்க்காமல் எண்ணிக்கை சொல்கிற இடத்தில் உட்காராதீர்கள், எழுந்து வந்துவிடுங்கள். அக்காவையோ நண்பனையோ கூட்டிப்போங்கள், தனியாகப் போனால் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள்.

பையன் இப்போது மருந்தில் இருக்கிறான். முடியைச் சின்னதாக வெட்டி, பக்கங்களை இன்னும் குறைத்து, நெற்றி ஏறியது உறுத்தாத மாதிரி நான்தான் வெட்டிவிடுகிறேன், தொப்பி இல்லாமல் வேலைக்குப் போகிறான். நடுவதா வேண்டாமா என்பதை அடுத்த வருடம் அவனே டாக்டரோடு பேசி முடிவு செய்யட்டும்.

சுகாதாரத் துறை இது பற்றி ஒரு நோட்டீஸ் அச்சடித்துக் கொடுத்தால் எங்கள் பகுதி சலூன்களில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டுவதற்கு நான் பொறுப்பு எடுத்துக்கொள்கிறேன். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, ராயபுரம், வண்ணாரப்பேட்டையில் இருக்கிற தொழில் நண்பர்களிடம் பேசியும் விட்டேன், எல்லாரும் சரி என்கிறார்கள். என் பெயர், முகவரி, போன் எண் தனித் தாளில் இருக்கிறது. பையனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருப்பதால் அதை அச்சிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு சலூன்காரர்,
தண்டையார்பேட்டை, சென்னை.